கதவுக்குள் அடைத்த பஞ்சு

போன வாரம் மகனுடைய தொந்தரவு தாங்காமல் ராஜபாளையத்தில் ஒரு கார் ஷோரூமுக்குப் போனேன். பழைய டீசல் வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு எடு என்று ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். அங்கே டை கட்டிய ஒருத்தர் என்னை ஒரு வண்டிக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு வெளியே நின்று வாயை அசைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதவைத் திறந்து, "பாத்தீங்களா மேடம், உள்ள ஒரு சத்தம் வராது" என்றார். சத்தத்தை அவரே கழுத்தை நெரித்துக் கொன்ற மாதிரி அவ்வளவு பெருமை முகத்தில்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம், அது எங்கள் தெருவுக்கே தெரியும். கதவின் உள்பக்கத்தை விரல் முட்டியால் தட்டினேன். டொக் டொக் என்றது.

"இதுக்குள்ள என்னத்த வச்சிருக்கீக?"

"கம்பெனி ஃபிட்டிங் மேடம்."

"அது சரி. உள்ள என்ன இருக்கு?"

"நல்ல மெட்டீரியல்தான் மேடம்."

அவருக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை, விற்கிறவருக்கு அது தேவையுமில்லை. ஆனால் எனக்குத் தெரியும். கார் கதவு ஒன்றைக் கழற்றினால் உள்ளே என்னென்ன இருக்கும், எதை அடைக்கலாம், எதை அடைத்தால் நாசமாகப் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நகம் பெயர்ந்து கற்றுக்கொண்டது.

புது வண்டிக்குள் ஒரு வாசனை இருக்குமே, ரப்பரும் பசையும் கலந்து. எல்லாரும் அதை ஆசையாக மூக்கில் இழுப்பார்கள். எனக்கு அந்தப் பசை வாசனை வந்தால் குருசாமியின் சீட் கவர் கடை ஞாபகம் வரும். அதற்குப் பின்னாலேயே இன்னொரு நாற்றம் வரும். நனைந்த பஞ்சின் நாற்றம். நனைந்த பஞ்சு நாலு நாள் கழித்து எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியாது என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

பஞ்சைப் பற்றிச் சொல்வதென்றால் மில்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நானும் என் அக்காவும் ஒரே நூற்பு மில்லில், ஒரே ஷிப்டில், ரிங் பிரேம் ஓட்டினோம். நூல் முறுக்கும் நீள மிஷின் அது. ஒரு கூடம் முழுக்க வரிசை வரிசையாக நிற்கும், எல்லாம் ஒரே நேரத்தில் இரையும். பக்கத்தில் நிற்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதனால் சத்தமே போடாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோம். சாப்பிடப் போலாமா, மேஸ்திரி வருதான், இன்னைக்கு என்ன கொழம்பு, எல்லாம் உதட்டில்தான். வெளியே வந்தால் தலைகீழ். காது அடைத்துப்போயிருக்கும், கத்தித்தான் பேசுவோம். எங்கள் பஸ்ஸில் ஏறிய வேறு ஆட்கள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து விலகி உட்காருவார்கள்.

இரைச்சலுக்கு எங்களிடம் ஒரே மருந்துதான் இருந்தது. நூலாகப் போகிற பஞ்சுத் திரியிலிருந்து கொஞ்சம் பிய்த்து, உருட்டி, காதில் வைத்துக்கொள்வது. சத்தம் என்றால் பஞ்சு. அது எங்கள் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் கல்யாணமாகி மில்லை விட்டேன். அக்கா விடவில்லை. என்னைவிட ரொம்ப வருஷம் அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்றாள். வெளியே வந்தபோது காதில் பெரும்பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரியும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மிஷினைத் திட்டுவேன்.

பிறகு நானும் எங்கள் வீட்டுக்காரரும் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை நறுக்கி பேண்டேஜ் உருட்டும் யூனிட் ஒன்று ஆரம்பித்தோம். ராஜபாளையத்தில் தடுக்கி விழுந்தால் இப்படி ஒரு யூனிட்டின் மேல்தான் விழ வேண்டும். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் மகள் வீட்டோடு இருந்தாள். காலையில் பஸ் ஏறி யூனிட்டுக்கு வருவாள், சாயங்காலம் நான் காரில் கொண்டுபோய் விடுவேன். சரக்கு ஏற்றுவதற்கென்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் வண்டி. ஸ்டார்ட் பண்ணினால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து போய்விடும்.

அக்காவுக்கு மதுரையில் காட்டி ஒரு காது மெஷின் வாங்கினோம். அந்த டாக்டர் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், நிறுத்த முடியாது, இருக்கிறவரை நன்றாகப் பேசிக்கொள்ளுங்கள் என்றார். அக்கா வெளியே வந்து, "டாக்டர் என்னட்டி சொன்னாரு?" என்று கேட்டாள். பேசச் சொன்னார் என்றேன். "அதுக்கு ஃபீஸா?" என்றாள்.

ஆனால் எங்கே பேசுவது? யூனிட்டில் துணி நறுக்கும் மிஷின் ஓடும். அவள் வீட்டில் டிவி, பேரப்பிள்ளைகள், மிக்ஸி. எங்கள் வீட்டில் நான். மிச்சம் இருந்தது ராஜபாளையத்திலிருந்து மடவார் வளாகம் போகும் அந்தச் சாலை மட்டும்தான். சாயங்காலம் நானும் அவளும் மட்டும் இருக்கும் செத்த நேரம். அதில்தான் அந்த வண்டி கடகடவென்று குறுக்கே நின்றது. காது மெஷின் பேச்சையும் இரைச்சலையும் பிரித்துப் பார்க்காது, வந்ததையெல்லாம் பெரிதாக்கிக் காதுக்குள் தள்ளும். நான் இரண்டாவது கியர் போடுவதற்குள் அக்கா அதைக் காதிலிருந்து பிடுங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வாள்.

"ஏட்டி, நான் ரிங் பிரேம விட்டு வெளிய வந்தவ. தெனம் சாயங்காலம் திரும்ப அதுக்குள்ளயே ஏத்திட்டுப் போற."

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். இந்த வண்டியை வாய் மூடவைக்காமல் விடுவதில்லை. அவள் காது போவதற்குள் முடிக்க வேண்டும்.

முதலில் கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஓட்டினேன். ஏசி வேலை செய்யாத வண்டி. மே மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லை வருவதற்குள் இரண்டு பேரும் அவித்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டோம். அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். அவள் முகம் சொன்னது போதும்.

அடுத்துதான் பஞ்சு. எங்கள் யூனிட்டில் மூட்டை மூட்டையாகக் கழிவுப் பஞ்சும் காஸ் துண்டும் கிடக்கும். தென்காசி ரோட்டில் சீட் கவர் கடை வைத்திருந்த குருசாமியிடம் வண்டியையும் இரண்டு மூட்டையையும் கொண்டுபோய் இறக்கினேன். குருசாமி வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். கோபம் வந்தால் தெலுங்கில் முணுமுணுப்பான், நமக்குப் புரியாது என்ற தைரியம். ஆனால் அன்றைக்கு அவனுக்கும் என் யோசனை பிடித்துவிட்டது.

"சூப்பர் ஐடியாக்கா. இத யாருமே யோசிக்கல பாருங்க."

யாரும் ஏன் யோசிக்கவில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. நாலு கதவின் உள்பலகையையும் கழற்றி, தலையணைக்கு அடைப்பது மாதிரி திணித்தோம். எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "காரு ஓட்டப் போறியா, இல்ல படுத்துத் தூங்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மாதிரிதான். ஆனால் நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஐப்பசி வந்தது. மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. கார் கதவில் ஒரு விஷயம் உண்டு, எனக்கு அப்போது தெரியாது. கண்ணாடியில் வழிகிற மழைத் தண்ணீர் கதவுக்குள்தான் இறங்கும், அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அந்த வழியில்தான் நாங்கள் பஞ்சை அடைத்திருந்தோம். அதுவும் எந்தப் பஞ்சு? ஆஸ்பத்திரியில் ரத்தத்தை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்ச வேண்டும் என்று வருஷம் முழுக்கப் பார்த்துப் பார்த்து அனுப்புகிற பஞ்சு. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது.

கதவைத் திறக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. கண்ணாடியை இறக்கினால் பஞ்சு அதன் கம்பியில் சுற்றிக்கொண்டு பாதியில் நின்றது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பாதி திறந்த கண்ணாடியோடு மழையில் போனோம். அந்த வண்டி அவ்வளவு சத்தம் அதற்கு முன்னால் போட்டதே இல்லை. நாலாவது நாள் நாற்றம் எடுத்தது. பின்கதவுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. எதிரே கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"காது போச்சுன்னு அழுதேன். மூக்கு போகலயேன்னு இப்ப அழுறேன்டி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், வண்டியை ஓரங்கட்டிவிட்டு நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. ஒரு மழைக்காலம் போயிற்று. டாக்டர் சொன்ன கணக்கில் அது எவ்வளவு பெரிசு என்று யாருக்குத் தெரியும்?

குருசாமி பஞ்சை வாரி வெளியே எடுத்தபோது தெலுங்கில் நிறைய முணுமுணுத்தான். "இத்தோட விட்ருங்கக்கா. டீசல் வண்டின்னா அப்பிடித்தான் இருக்கும்" என்றான். இந்த "அப்பிடித்தான் இருக்கும்" என்ற பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. மில்லிலும் அதைத்தான் சொன்னார்கள்.

"எப்பிடி இருக்கும்னு நான் பாக்கேன். நீ வண்டிய எடு" என்றேன்.

அவனை ஓட்டச் சொல்லி, அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் பின்பக்கத் தரையில் படுத்துக்கொண்டேன். ஆமாம், படுத்துக்கொண்டுதான். மில்லில் மிஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர்கள் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை மிஷின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, எந்த இடத்தில் கோளாறு என்று சொல்வார்கள். நானும் அப்படியே தரையில், கதவில், டிக்கியில் வைத்து வைத்துக் கேட்டேன். முன்சீட்டில் இருந்த அக்கா இதைப் பார்த்துவிட்டு, தன் உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். பிறகு கியர் ராடுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏட்டி, இங்க பாரு. இந்த எடம் நடுங்குது. மத்த எடமெல்லாம் சும்மா இருக்கு."

அவள் கை சொன்ன இடங்கள் அத்தனையும் சரியாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு தப்பு. ஆனால் என் ஸ்க்ரூ டிரைவர் அதைவிட அதிகம் தப்பு செய்தது.

சத்தம் ஒரே வழியில் வருவதில்லை. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அத்தனை நாள் ஆனது. இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் நைந்திருந்தது, அதனால் இன்ஜினின் நடுக்கம் அப்படியே வண்டியின் தகரத்துக்கு ஏறியது. அதை மாற்றினோம். இன்ஜின் பக்கமிருந்து வயர் உள்ளே வருகிற ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. கட்டைவிரல் நுழைகிற ஓட்டை, அதன் வழியாக வந்த இரைச்சலைக் கேட்டிருந்தால் நம்பமாட்டீர்கள். அடைத்தோம். கியர் ராடைச் சுற்றிய உறை கிழிந்திருந்தது. டயர் தேய்ந்து கல்லாகக் கிடந்தது. கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பட்டையைச் சோதிக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பேண்டேஜ் துணியை நீளமாக நறுக்கி இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து இழுப்பேன். இழுபடாமல் பிடித்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று வருகிறது, சத்தமும் வருகிறது. பஞ்சு கெடுத்ததற்கு அந்தத் துணி கொஞ்சம் ஈடுகட்டியது.

கடைசியாகத் தகரம். வெறும் தகரத்தைத் தட்டினால் டங்கென்று தட்டு மாதிரி அதிரும். அதன் மேல் தார் மாதிரி கனமான ஒரு ஷீட்டை அழுத்தி ஒட்டினால் டொக்கென்று அடங்கிவிடும். மதுரையிலிருந்து அதை வரவழைத்துத் தரை, கதவு, கூரை எங்கும் ஒட்டினோம். அதற்கு மேல் தண்ணீர் குடிக்காத ஃபோம். வாங்குவதற்கு முன்னால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டுவைத்து, பிழிந்து பார்த்தேன். குருசாமி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னக்கா, நம்பிக்கை இல்லையா?"

"ஒன்னையும் நம்பினேன். பஞ்சையும் நம்பினேன்."

அவன் கதவுக்கு அடியில் குனிந்தான். கதவடி ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குச்சிவிட்டுத் திறந்து காட்டினான்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மெஷினைக் காதில் வை என்று கையால் காட்டினேன். பயந்துகொண்டே வைத்தாள். ஊர் எல்லை தாண்டி நல்ல ரோடு வந்ததும், இத்தனை நாள் உழைப்புக்குப் பலன் பார்த்துவிடுவோம் என்று மூச்சை இழுத்துக் கேட்டேன்.

"அக்கா! கேக்குதா?"

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவ்வளவுதான், எல்லாம் வீண் என்று நினைத்தேன். அவள் மெதுவாகக் கையை எடுத்தாள்.

"எதுக்குட்டி இப்படிக் கத்துத? இந்த வண்டியில இப்ப சத்தம்னா அது நீதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மில்லை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் நான் மில் பஸ்ஸில் பேசுகிற குரலில்தான் எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். யூனிட் பிள்ளைகளிடம், புருஷனிடம், கோயிலில், ஆஸ்பத்திரியில். ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், என் சத்தத்தில் அது கேட்டிருக்காது.

குரலைக் குறைப்பது எப்படி என்றே எனக்குத் தெரியவில்லை. குறைத்தால் அடியோடு போய்விட்டது, காற்றுதான் வந்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஆள் நின்று சொல்வார்களே, அந்த மாதிரி அக்கா கையை அசைத்து அசைத்துச் சொன்னாள்.

"கொறை... இன்னும் கொஞ்சம் கொறை... ஐயோ, ரொம்பப் போச்சு, மேல வா... ஆங். அங்கனயே நில்லு."

என் குரல் அங்கேயே நின்றது. மடவார் வளாகம் திரும்பும் இடம் வந்தது. இண்டிகேட்டர் போட்டேன்.

"அது என்னட்டி டிக்கு டிக்குங்குது?"

"இண்டிகேட்டர்க்கா. திரும்பப் போறோம்ல."

"காருக்குள்ள இப்பிடி ஒரு சத்தம் இருக்கா?" என்றாள். வீடு வந்த பிறகும் இறங்காமல், இன்னொரு தடவை போடச் சொன்னாள். தெருவில் நின்றுகொண்டே போட்டுக் காண்பித்தேன்.

அதற்குப் பிறகு தினம் பேசினோம். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. யார் வீட்டில் சீமந்தம், முருங்கைக்காய் ஏன் இந்த வருஷம் கசக்கிறது, மகள் ஏன் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாள், இப்படித்தான். ஒரு நாள் மில் பேச்சு வந்தது.

"பிரேமுக்கு அந்தப் பக்கம் நின்னு நீ வாய அசைச்சு அசைச்சுப் பேசுவேல்ல, அதுல பாதி எனக்குப் புரியாதுட்டி."

"பொறவு எதுக்குத் தலைய ஆட்டுவ?"

"ஆட்டலைன்னா நீ கோவிப்ப."

"சிரிப்பியே?"

"நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன்."

அத்தனை வருஷம் கழித்து, வண்டிக்குள் உட்கார்ந்து, அன்றைக்கு அவளுக்குப் புரியாமல் போனதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மேஸ்திரியைப் பற்றி நான் சொன்ன ஒரு சமாசாரத்துக்கு அவள் உண்மையிலேயே சிரித்தது அப்போதுதான்.

டாக்டர் சொன்னது நடந்தது. ஒரே நாளில் இல்லை. முதலில் இண்டிகேட்டர் சத்தம் அவளுக்குக் கேட்காமல் போயிற்று. பிறகு நான் குரலை ஒரு படி ஏற்ற வேண்டியிருந்தது, பிறகு இன்னொரு படி. பிறகு ஒரு நாள் அவள் மெஷினைக் கைக்குட்டையில் முடிந்து என் கையில் கொடுத்துவிட்டாள். வேறு யாருக்காவது ஆகும், கொடு என்றாள்.

அதற்கப்புறம்தான் வண்டி அவளுக்குப் பிடிக்காமல் போனது. "ஓடுதா நிக்குதான்னே தெரியலட்டி. பொட்டிக்குள்ள போட்டு அடைச்ச மாதிரி இருக்கு" என்றாள். கதவில் கையை வைத்து வைத்துப் பார்ப்பாள். நாங்கள்தான் நடுக்கம் ஒன்றுகூட இல்லாமல் ஒட்டித் தொலைத்திருந்தோமே. நான் நேரே குருசாமியிடம் போய், அக்கா பக்கத்துக் கதவில் இருக்கிற ஷீட்டையும் ஃபோமையும் உரித்துவிடு என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். தெலுங்கில் எதுவும் முணுமுணுக்காமல் உரித்துக் கொடுத்தான்.

இதையெல்லாம் ஷோரூம்காரரிடம் சொல்ல முடியுமா? அவர் என்னைப் புது வண்டியில் ஒரு சுற்று ஓட்டவைத்தார். இண்டிகேட்டர் போட்டேன். டிக் டிக் என்றது. "இந்தச் சத்தம் ஸ்பீக்கர்ல இருந்து வருது மேடம். முன்ன மாதிரி உள்ள தட்டுற சாமான் எதுவும் இப்ப கிடையாது" என்றார், அதையும் பெருமையாக. கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பிணத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மகனிடம் சொன்னேன், அவன் கோபப்பட்டான். படட்டும்.

அன்றைக்குச் சாயங்காலமும் பழைய வண்டியில்தான் அக்காவைக் கொண்டுபோய் விட்டேன். நாங்கள் பேசிக்கொண்டு போன ரோட்டில் இப்போது பாதிப் புளியமரம் இல்லை, ஷிப்டு சங்கு ஊதிய எங்கள் மில் இல்லை, குருசாமி கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. உரித்த கதவு வழியாக ரோட்டு இரைச்சல் முழுக்க உள்ளே வந்தது. அக்கா கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வண்டி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மடவார் வளாகம் திருப்பம் வந்தது. இண்டிகேட்டர் போட்டேன். "திரும்புதோம்க்கா" என்றேன். அன்றைக்கு அவள் கையைக் காட்டி "அங்கனயே நில்லு" என்றாளே, அதே அளவில் நின்ற குரல்தான். அந்த இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. ஆனால் கத்தவில்லை.